ஒரே தொடர், ஊருக்கு ஒரு நேரம்: பழைய அமெரிக்க டிவி அட்டவணை பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேசிய வீடியோவுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். கேள்வி இதுதான்: "பழைய அமெரிக்கத் தொடர்களைப் பற்றி எங்கே படித்தாலும் 'இந்த நெட்வொர்க்கில், வியாழக்கிழமை இரவு 8.30க்கு வந்தது' என்று திட்டவட்டமாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சின்ன ஊர்ச் செய்தித்தாள் ஒன்றின் டிவி பக்கத்தைப் பார்த்தேன். அதே தொடர் அதில் ஞாயிறு மதியம் என்று இருக்கிறது. இன்னொரு ஊர்த் தாளில் அந்தத் தொடரே இல்லை. எது சரி, எது தப்பு?"

எல்லாமே சரிதான். வியாழன் 8.30 என்பது நெட்வொர்க் அந்த நிகழ்ச்சியை அனுப்பிய நேரம். ஞாயிறு மதியம் என்பது அந்த ஊர் நிலையம் அதைப் போட்ட நேரம். அந்த இன்னொரு ஊரில் நிலையத்துக்காரர் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அவ்வளவுதான்.

நமக்கு இது விசித்திரமாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் வளர்ந்த தூர்தர்ஷன் அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' என்றால் சென்னையில் பார்த்தாலும் கொடைக்கானல் டவரிலிருந்து எடுத்துப் பார்த்தாலும் ஒரே நேரம். பிறகு வந்த சாட்டிலைட் சேனல்களும் அப்படியே. அதனால் 'சேனல்' என்றதும் ஒரு இடத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் நேராக வருவது என்றுதான் நினைக்கிறோம். அமெரிக்காவில் என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. ஆகியவை அந்த அர்த்தத்தில் சேனல்களே அல்ல. அவை நிகழ்ச்சியைக் கொடுப்பவை. ஒளிபரப்புவது உள்ளூர் நிலையம்.

சட்டமே அப்படித்தான். எஃப்.சி.சி. என்று சொல்லும் அந்த நாட்டு ஒளிபரப்பு ஆணையம் உரிமம் கொடுப்பது நெட்வொர்க்குக்கு அல்ல, நிலையத்துக்கு. திரையில் எது வந்தாலும் பொறுப்பு நிலையத்தின் உரிமையாளருக்கு. எனவே பிடிக்காத நிகழ்ச்சியை மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. இது வானொலிக் காலத்திலேயே, 1941 விதிகளிலேயே எழுதப்பட்டுவிட்டது. நெட்வொர்க்குகள் சொந்தமாக நிலையம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு வரம்பு இருந்தது. 1954க்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஒரு கம்பெனிக்கு அதிகபட்சம் 7 நிலையங்கள், அதில் எல்லாப் பெட்டிகளிலும் தெரியும் வி.ஹெச்.எஃப். அலைவரிசையில் 5தான். நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி பெரிய நகரங்களில் அதை வைத்துக்கொண்டார்கள். மற்ற ஊர்களிலெல்லாம் யாரோ ஒரு பத்திரிகை முதலாளி, வானொலிக்காரர், காப்பீட்டுக் கம்பெனி என்று வெவ்வேறு ஆட்களின் நிலையங்கள். அவர்களோடு நெட்வொர்க் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். ஒப்பந்த நிலையத்தை அங்கே 'அஃபிலியேட்' என்பார்கள்.

இதில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். இன்றைக்கு நிலையம்தான் நெட்வொர்க்குக்குக் கொடுக்கிறது. அன்றைக்குத் தலைகீழ்: நெட்வொர்க் நிலையத்துக்குக் கொடுத்தது. தன் நிகழ்ச்சியையும் அதற்குள் இருக்கும் தேசிய விளம்பரங்களையும் போடுவதற்காக, நிலையத்தின் மணிநேர விளம்பரக் கட்டணத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் தரும். அதே ஒரு மணி நேரத்தில் நிலையம் சொந்தமாக ஒரு பழைய சினிமாவை வாங்கிப் போட்டு, ஊர் கார் டீலர், ஊர் பர்னிச்சர் கடை விளம்பரத்தைச் சேர்த்தால் வரும் பணம் முழுக்க அதற்கே. நெட்வொர்க் நிகழ்ச்சி பிரபலமானதாக இருந்தால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். சுமாராக ஓடுகிறது என்றால் நிலையத்துக்காரர் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். பில்லி கிரஹாம் போன்ற மதப் பிரசாரகர்கள் ஊர் ஊராக மாலை நேரத்தைக் காசு கொடுத்து வாங்குவார்கள். அந்த வாரம் அந்த ஊரில் அந்த நேரத்து நெட்வொர்க் நிகழ்ச்சி போச்சு.

சரி, ஞாயிறு மதியம் என்பது எப்படி வந்தது? இதற்கு 1948க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் எஃப்.சி.சி. புதிய நிலையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திவைத்தது. அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதாமல் எப்படிப் பங்கிடுவது என்று ஆராய ஆறு மாதம் போதும் என்று நினைத்தார்கள். 1952 ஏப்ரல் வரை இழுத்துவிட்டது. அதுவரை நாடு முழுக்க அனுமதி வாங்கியிருந்த 108 நிலையங்களோடுதான் ஓட்டவேண்டியிருந்தது. நெட்வொர்க்குகளோ நான்கு. என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. போக டூமான்ட் என்று ஒன்று இருந்தது. டிவி பெட்டி தயாரிக்கும் கம்பெனி நடத்தியது. நான்கு நெட்வொர்க், பல ஊர்களில் ஒரே நிலையம். செயின்ட் லூயிஸ், மில்வாக்கி, பஃபலோ மாதிரி நல்ல பெரிய நகரங்களிலேயே அதுதான் நிலை. டென்வரில் ஒன்றுகூட இல்லை.

பிட்ஸ்பர்க் இதற்கு அருமையான உதாரணம். எஃகு ஆலைகளின் நகரம், பெரிய சந்தை. 1949 ஜனவரியில் டபிள்யூ.டி.டி.வி. என்ற நிலையம் அங்கே தொடங்கியது. சொந்தக்காரர் டூமான்ட். நான்கு நெட்வொர்க்குகளின் நிகழ்ச்சிகளும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் ஊருக்குள் வரவேண்டும். செவ்வாய் எட்டு மணிக்கு நான்கு பேரும் நான்கு நிகழ்ச்சி அனுப்புவார்கள். ஒன்றைத்தான் அந்த நேரத்தில் போடமுடியும். மற்றதில் விட்டுவிட மனம் வராததை ஃபிலிம் பிரதியாக வாங்கி சனி மதியமோ, செய்திக்குப் பிறகு இரவு பதினொன்றரைக்கோ போடுவார்கள். மீதி பிட்ஸ்பர்க் மக்களைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லாத நிகழ்ச்சி. இரவு ஷிப்ட் முடிந்து வரும் ஆலைத் தொழிலாளர்களுக்காக விடிய விடிய சினிமா போடும் வழக்கமும் அந்த நிலையத்தில் இருந்தது. எந்த நெட்வொர்க் அட்டவணையிலும் அப்படி ஒரு நேரம் கிடையாது. ஊரைப் பார்த்துப் போட்டார்கள்.

டூமான்டுக்கு இது பெரிய துருப்புச்சீட்டு. பிட்ஸ்பர்க்கில் உங்கள் நிகழ்ச்சி வரவேண்டுமா, உங்கள் ஊர் நிலையத்தில் எங்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று மற்ற ஊர்களில் பேரம் பேசலாம். பணமுடை தாங்காமல் 1954 இறுதியில் அந்த நிலையத்தை வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிக்கு 97.5 லட்சம் டாலருக்கு விற்றார்கள். பணம் வந்தது, துருப்பு போனது. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் டூமான்ட் நெட்வொர்க்கே மூடிவிட்டது. புதுப்பெயரில் கே.டி.கே.ஏ. ஆன அந்த நிலையத்துக்கு வி.ஹெச்.எஃப்.பில் வணிகப் போட்டியாளர் வந்தது 1957 செப்டம்பரில்தான்.

ஃபிலிம் பிரதி என்று சொன்னேன். அது என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் தாமதத்தில் பாதி இதனால்தான். அப்போது பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கில் நேரலையாக நடந்தன. டேப் கிடையாது. கேபிளும் மைக்ரோவேவ் டவர்களும் எட்டாத ஊருக்கு எப்படி அனுப்புவது? ஸ்டுடியோவில் ஒரு டிவி திரையை வைத்து, அதற்கு எதிரே சினிமா கேமராவை நிறுத்தி, திரையில் ஓடுவதை அப்படியே படம் பிடிப்பார்கள். இதற்குப் பெயர் கினிஸ்கோப். முகமெல்லாம் சாம்பல் பூசியது போல, ஓரம் வளைந்து வரும். ஆனாலும் வேறு வழியில்லை. 1954 வாக்கில் டிவி நெட்வொர்க்குகள் இதற்காகச் செலவழித்த கச்சா ஃபிலிம் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் எல்லாம் சேர்ந்து வாங்கியதை விட அதிகம் என்பார்கள்.

அந்தப் பிரதிகள் நிலையத்துக்கு ஒன்று என்று போகாது, கட்டுப்படியாகாது. முன்பு நம் பக்கத்தில் ஒரே படப்பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு கொட்டகையில் படம் ஓட்டுவார்களே, ஒரு ரீல் முடிந்ததும் பையன் சைக்கிளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பறப்பான், அந்தக் கதைதான். அங்கே சைக்கிளுக்குப் பதில் பஸ் பார்சல், தபால், விமானம். டப்பாவில் 16 மில்லிமீட்டர் ஃபிலிம் வரும். நிலையத்தில் ஒருவர் அதைச் சுற்றிப் பார்த்து, கிழிந்த இடத்தை ஒட்டி, உள்ளூர் விளம்பரம் வரவேண்டிய இடத்தில் அதைச் சேர்த்து, ப்ராஜெக்டரில் மாட்டுவார். ப்ராஜெக்டர் எதிரே டிவி கேமரா. ஓடி முடிந்ததும் திரும்பச் சுற்றி டப்பாவில் போட்டு அடுத்த நிலையத்தின் முகவரியை ஒட்டி அனுப்பவேண்டும். இந்த வரிசையில் நீங்கள் மூன்றாவது ஊர் என்றால் மூன்று வாரம் பின்னால் இருப்பீர்கள். நீங்கள் பார்த்த செய்தித்தாள் ஊர் இப்படி வரிசையில் இருந்த ஊராகவும் இருக்கலாம்.

சி.பி.எஸ்.ஸின் 'ஐ லவ் லூசி' 1951 அக்டோபரில் தொடங்கியபோது அதை 35 மில்லிமீட்டர் ஃபிலிமிலேயே எடுத்ததற்கும் இந்தக் கினிஸ்கோப்தான் காரணம். லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் கலிபோர்னியாவை விட்டு வரமாட்டோம் என்றார்கள். அங்கிருந்து நேரலை செய்தால் கிழக்கே இருக்கும் பெரும்பான்மை ரசிகர்களுக்கு மங்கலான பிரதிதான் போகும். விளம்பரதாரரான சிகரெட் கம்பெனி அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. சினிமா போலவே எடுத்துவிடுவோம் என்று முடிவானது. அந்தத் தொடரின் படம் இன்றும் பளிச்சென்று இருப்பதற்கும், பிறகு உள்ளூர் நிலையங்கள் அதைப் பல்லாண்டுக் காலம் மறுஒளிபரப்பு செய்ததற்கும் அந்த ஒரு முடிவுதான் அடிப்படை.

அப்புறம் நேர மண்டலம். 1951 செப்டம்பர் 4ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பான் சமாதான மாநாட்டில் அதிபர் ட்ரூமன் பேசியதைக் கடற்கரையிலிருந்து கடற்கரை வரை 94 நிலையங்கள் நேரலையாகக் காட்டின. ஏ.டி.&டி. கம்பெனியின் மைக்ரோவேவ் டவர்கள், நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 107, அப்போதுதான் தயாராகியிருந்தன. சரி, கம்பி சேர்ந்துவிட்டது. ஆனால் நியூயார்க்கில் இரவு எட்டு மணி என்றால் லாஸ் ஏஞ்சலஸில் மாலை ஐந்து. வேலைக்குப் போனவர் வீடு திரும்பவே இல்லை. எனவே ஹாலிவுட்டில் கிழக்கிலிருந்து வரும் நிகழ்ச்சியைக் கினிஸ்கோப் எடுத்து, அவசர அவசரமாகக் கழுவி, மூன்று மணி நேரம் கழித்து அதையே ஓட்டினார்கள். மத்திய மண்டலத்துக்கு இந்தச் சலுகை இல்லை. கிழக்கோடு சேர்த்து அதற்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். அதனால்தான் சிகாகோவில் மாலைப் பெரிய நிகழ்ச்சிகள் எட்டுக்குப் பதில் ஏழுக்கே தொடங்கிவிடும். இன்றும் அப்படித்தான். ஆக ஒரு தொடர் 'இரவு 8.30' என்று படித்தால், அது கிழக்கு நேரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிகாகோ நாளிதழில் 7.30 என்று இருந்தால் தாமதமும் இல்லை, தவறும் இல்லை.

கோடையில் இன்னும் வேடிக்கை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் கோடைக்கால நேரத்துக்கு 1966இல் சட்டம் வரும்வரை நாடு தழுவிய ஒழுங்கே இல்லை. ஒரு ஊர் மாற்றும், பக்கத்து ஊர் மாற்றாது. ஏப்ரலில் ஒரு ஊரில் சரியாக இருந்த நேரம் மே மாதம் நழுவிவிடும்.

1956இல் ஆம்பெக்ஸ் கம்பெனி வீடியோ டேப் கருவியைக் காட்டியது. விலை சுமார் 50,000 டாலர். அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி சி.பி.எஸ். தன் மாலைச் செய்தியை ஹாலிவுட்டில் டேப்பில் பதிந்து மேற்குக் கரைக்குத் தாமதமாக ஒளிபரப்பியது. முதன்முதலில் நெட்வொர்க்கில் டேப் ஓடியது அன்றைக்குத்தான். டேப் முதலில் நெட்வொர்க்குகளின் தலைவலியைத் தீர்த்தது. பிறகு விலை கட்டுப்படியாகிற நிலையங்கள் சொந்தமாக ஒன்று வாங்கிப் போட்டதும் அட்டவணையின் கடிவாளம் இன்னும் கொஞ்சம் உள்ளூர்க்காரர் கைக்குப் போய்விட்டது. வியாழன் 8.30க்கு நெட்வொர்க் கம்பியில் நிகழ்ச்சி வருகிறது. கட்டுப்பாட்டு அறையில் ஒரு சின்னத் திரையில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஊருக்குப் போவது நிலையம் வாங்கிய சினிமா. பக்கத்து அறையில் இரண்டு அங்குல டேப் சுழன்று நெட்வொர்க் நிகழ்ச்சியைப் பதிந்துகொள்கிறது. ஞாயிறு மதியம் அதைப் போடுவார்கள். நெட்வொர்க்கும் சம்மதிக்கும், வேறு வழியில்லாமல். சுத்தமாக வராததற்கு மதியம் வந்தாலாவது விளம்பரதாரரிடம் கணக்குக் காட்டலாமே.

இதில் அதிகம் அடிபட்டது ஏ.பி.சி. மூன்றாவதாக வந்த நெட்வொர்க். 1960களில்கூட நிறைய ஊர்களில் வி.ஹெச்.எஃப். நிலையம் இரண்டுதான் இருந்தது, ஒன்று என்.பி.சி.யோடு, மற்றது சி.பி.எஸ்.ஸோடு சேர்ந்திருக்கும். ஏ.பி.சி. இரண்டு வாசலிலும் நிற்கும். மிச்சம் கிடைக்கும் நேரத்தைக் கொடுப்பார்கள். யு.ஹெச்.எஃப். அலைவரிசையில் மூன்றாவது நிலையம் தொடங்கலாம், ஆனால் பழைய பெட்டிகளில் அது தெரியாது, தனியாகக் கன்வெர்ட்டர் வாங்கவேண்டும். 1964 ஏப்ரலுக்குப் பிறகு தயாராகும் எல்லாப் பெட்டிகளிலும் யு.ஹெச்.எஃப். இருக்கவேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது. எனவே அறுபதுகளின் ஏ.பி.சி. தொடர் ஒன்று தேசிய அளவில் பார்வையாளர் குறைவு என்று நின்றுபோனதாகப் படித்தால், எத்தனை ஊரில் அது சரியான நேரத்துக்கு வந்தது என்ற கேள்வியையும் கூடவே கேட்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஹவாய் கதை தனி. நடுக்கடல். நிகழ்ச்சிகள் ஃபிலிமாகவும் டேப்பாகவும் பறந்து வந்து ஒரு வாரம் கழித்து ஓடின. கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோட் புத்தாண்டு சமயத்தில் வந்து சேரும். 1966 நவம்பர் 19ஆம் தேதி நாட்டர் டேம், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் செயற்கைக்கோள் வழியாக நேரலையாக வந்தது அங்கே பெரிய செய்தி.

நிலையங்கள் நெட்வொர்க்கையே வளைத்த கதை ஒன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. என்.பி.சி.யின் 'டுநைட் ஷோ' என்ற பேட்டி நிகழ்ச்சி இரவு 11.15க்குத் தொடங்கும். நிலையங்களின் இரவுச் செய்தி 11 முதல் 11.15 வரை, கால் மணி நேரம், முடிந்ததும் நெட்வொர்க். ஊர்ச் செய்தியில் நல்ல விளம்பரக் காசு வருவதைப் பார்த்த நிலையங்கள் அதை அரைமணியாக்கி, 11.30க்குத்தான் ஷோவில் வந்து சேர்ந்தன. ஜானி கார்சன் 1962 அக்டோபரில் அந்த மேடைக்குத் தொகுப்பாளராக வந்தவர். தொடக்கத்தில் நின்றுகொண்டு அவர் அடிக்கும் ஜோக்குகள்தான் ஷோவின் உயிர். அதைப் பாதி நாடு பார்க்கவே இல்லை. 1965இல் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: 11.30 ஆனால்தான் மேடைக்கு வருவேன். முதல் கால்மணியை அவருடைய துணைவர் எட் மக்மேனும் இசைக்குழுத் தலைவரும் சேர்ந்து எதையாவது பேசி ஓட்டினார்கள். 1967 தொடக்கத்தில் என்.பி.சி. அந்தக் கால்மணியைத் தூக்கிவிட்டு 11.30 என்றே அறிவித்துவிட்டது. நெட்வொர்க் அட்டவணை மாறியது, நிலையங்கள் மாறவில்லை.

இன்னொன்று, ஏ.பி.சி.யின் திங்கள் இரவுக் கால்பந்து. 1970இல் தொடங்கியது, கிழக்கில் இரவு 9 மணி. பசிபிக் கரையில் அது மாலை 6. சியாட்டில், போர்ட்லண்ட் இரண்டு ஊர் ஏ.பி.சி. நிலையங்களுக்கும் 6 மணி என்பது ஊர்ச் செய்தி நேரம். எனவே ஆட்டத்தை டேப்பில் பிடித்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டார்கள். 1995 வரை இப்படித்தான். வானொலியில் ஸ்கோர் வந்துகொண்டிருக்கும். வீட்டில் டிவியில் ஆட்டம் இப்போதுதான் தொடங்கும். ஊர் அணியான சீஹாக்ஸ் ஆடும் நாளில் மட்டும் சியாட்டிலில் நேரலை. ரசிகர்கள் எவ்வளவு புலம்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். செய்தி நேர விளம்பரம் ஜெயித்தது.

மதிய வேளையிலும் இதே சண்டைதான். ஏ.பி.சி. 'தி எட்ஜ் ஆஃப் நைட்' என்ற தொடரை மாலை 4 மணிக்கு அனுப்பியது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம். கார்ட்டூனோ பேட்டி நிகழ்ச்சியோ வாங்கிப் போட்டால் நிலையத்துக்கு லாபம். சில ஊர்களில் அடுத்த நாள் காலைக்குத் தள்ளினார்கள், பல ஊர்களில் அடியோடு விட்டார்கள். போடும் நிலையங்கள் குறையக் குறையப் பார்வையாளர் எண்ணிக்கையும் விழுந்தது. 1984 டிசம்பரில் முடித்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் காசு விஷயம். காசு இல்லாத விஷயமும் உண்டு, அதைத் தாண்டிப் போகக்கூடாது. 'உள்ளூர் மக்களுக்கு எது ஏற்றது என்று உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும்' என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் டபிள்யூ.எல்.பி.டி. என்ற என்.பி.சி. நிலையம் அதை எப்படிப் பயன்படுத்தியது? 1955இல் கறுப்பின மக்களின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் என்.பி.சி. நிகழ்ச்சியில் தோன்றியபோது படத்தை நிறுத்திவிட்டு, 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்று அட்டை போட்டது. கோளாறு எதுவும் இல்லை. ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பின மக்கள். அவர்களைப் பற்றிய செய்தியையும் நிகழ்ச்சியையும் இப்படியே தொடர்ந்து மறைத்தது. 'யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட்' என்ற திருச்சபை அதன் ஒளிபரப்பைக் கண்காணித்து வழக்குப் போட்டது. உரிமம் பற்றிய விசாரணையில் பார்வையாளர்களுக்கும் பேச உரிமை உண்டு என்று 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1969இல் அந்த நிலையத்தின் உரிமமே ரத்தானது. அமெரிக்க ஒளிபரப்புச் சட்டத்தில் இது ஒரு மைல்கல். ஆக நீங்கள் சொன்ன அந்த இன்னொரு ஊரில் தொடரே இல்லாததற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கமுடியும். 1956இல் என்.பி.சி. தொடங்கிய, கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலின் ஷோவும் தென் மாநில எதிர்ப்பைப் பார்த்து மிரண்ட விளம்பரதாரர்கள் தேசிய அளவில் முன்வராததால்தான் ஓராண்டில் நின்றது.

அரசு குறுக்கே வந்த கதையும் சுருக்கமாக. நெட்வொர்க்குகள் மாலை முழுவதையும் பிடித்துக்கொள்கின்றன என்று சொல்லி, பெரிய 50 சந்தைகளில் மாலை 7 முதல் 11 வரையான நான்கு மணி நேரத்தில் மூன்றுதான் நெட்வொர்க்குக்கு என்று எஃப்.சி.சி. விதி போட்டது, 1971 இலையுதிர் காலத்திலிருந்து நடைமுறை. விடுபட்ட நேரத்தில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பூத்துக் குலுங்கும் என்று எதிர்பார்த்தார்கள். குலுங்கியது என்னவோ வெளியே விலைக்குக் கிடைத்த வினாடி வினாவும் விளையாட்டும்தான். 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்', 'ஜெப்பர்டி' இரண்டின் மாலைப் பதிப்புகளும் எண்பதுகளில் அந்த இடத்தில்தான் செழித்தன. சி.பி.எஸ். 1971இல் நிறுத்திய 'ஹீ ஹா', ஏ.பி.சி. நிறுத்திய 'லாரன்ஸ் வெல்க் ஷோ' ஆகியவையும் நிலையங்களுக்கு நேராக விற்கப்பட்டு இன்னும் பல ஆண்டுகள் ஓடின. நெட்வொர்க் ஒரு நிகழ்ச்சியை 'நிறுத்தினால்' அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை என்பதற்கு இவை சாட்சி. அந்த விதி 1996இல் போனது. இடையில் நெட்வொர்க்குகள் தேசியச் செய்தியை ஒரு மணி நேரமாக்க முயன்றபோது, கிடைத்த அரைமணியை விடமாட்டோம் என்று நிலையங்கள் எதிர்த்து நின்று தடுத்துவிட்டன.

இது பழைய காலத்தோடு முடியவும் இல்லை. 1993இல் 'என்.ஒய்.பி.டி. ப்ளூ' என்ற போலீஸ் தொடர் தொடங்கியபோது ஆபாசம் என்று சொல்லி 57 ஏ.பி.சி. நிலையங்கள் போட மறுத்தன. டல்லஸ் மாதிரி பெரிய நகரத்தில் ஏ.பி.சி. நிலையம் வேண்டாம் என்றது. எந்த நெட்வொர்க்கோடும் சேராத இன்னொரு நிலையம் எடுத்துப் போட்டது.

கடைசியாக, கேட்டவருக்கு நடைமுறையில் உதவும் விஷயம். பழைய தொடர் ஒன்றின் முதல் ஒளிபரப்புத் தேதி என்று புத்தகங்களில் இருப்பது நெட்வொர்க் அனுப்பிய தேதி. தொடரின் வரலாற்றுக்கு அது போதும். ஒரு குறிப்பிட்ட ஊரில் யார் எப்போது பார்த்தார்கள் என்று தெரியவேண்டும் என்றால் அந்த ஊர் நாளிதழைப் பாருங்கள். 1953 ஏப்ரலில் தேசிய அளவில் தொடங்கிய 'டிவி கைடு' வார இதழும் உதவும். ஆனால் அட்டை ஒன்றாக இருந்தாலும் நிகழ்ச்சிப் பட்டியல் பக்கங்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. எந்த வட்டாரப் பதிப்பு என்று பார்க்காமல் மேற்கோள் காட்டினால் குழப்பம்தான். பட்டியலில் அதே வாரத்தின் எபிசோட் கதைச் சுருக்கம் இருக்கிறதா, முந்தைய வாரத்தினுடையதா என்று ஒப்பிட்டால் எவ்வளவு தாமதம் என்று கண்டுபிடித்துவிடலாம். அதே நேரத்தில், அதாவது வியாழன் 8.30க்கு, அந்த நிலையம் என்ன போட்டது என்பதையும் பாருங்கள். சினிமா இருந்தால் காசுக்காகத் தள்ளியிருக்கிறார்கள். வேறு நெட்வொர்க்கின் நிகழ்ச்சி இருந்தால் அது இரண்டு மூன்று நெட்வொர்க்கைச் சுமந்த நிலையம். நீங்கள் பார்த்த தாளின் ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதி அனுப்புங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.